கத்திக்கும் தேர்வு உண்டு

தேர்வு என்றதும் மாணவர் உள்ளம் சிறிது நடுங்குதல் இயல்பு. ஆண்டு முழுவதும் கற்றவை நெஞ்சில் நிலைத்தனவா இல்லையா என்பதைச் சில மணி நேரத்தில் காட்டிவிடும் கண்ணாடி தேர்வு. மக்களுக்கு மட்டுமன்றிப் பொருள்களுக்கும் தேர்வு உண்டு. பொன்னின் மாற்றைக் கட்டளைக்கல் காட்டும். பாலத்தின் உறுதியை அதன்மேல் ஏறும் பாரம் காட்டும். கப்பலின் திறத்தைக் கடல் காட்டும். அவ்வாறே கத்திக்கும் தேர்வு உண்டு. அத்தேர்வு எத்தன்மையது, அதனை நடத்துவோர் யாவர், அதில் தவறினால் விளைவது யாது என்பன அறியத்தக்க செய்திகள்.

வீட்டில் காய் அரியும் கத்தியின் முனை ஒடிந்துவிட்டால் பெருந்தீங்கு ஒன்றும் நேராது. அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வீட்டில் இரவல் கேட்கலாம். மாலையில் கடைக்குச் சென்று வேறொன்று வாங்கலாம். ஆனால் பழுதுற்ற விமானத்திலிருந்து குடையின் துணையால் காட்டில் இறங்கிய விமானி யாரிடம் இரவல் கேட்பான்? பனிமலையில் வழிதவறியவன் எந்தக் கடையை நாடுவான்? அவர்கள் இடையில் செருகியுள்ள ஒரு கத்தியே அவர்களுக்குத் தச்சனும் கொல்லனும் சமையற்காரனும் ஆகிய அனைத்தும். அத்தகைய நேரத்தில் உயிரைக் காத்துக்கொள்வதற்கென்றே செய்யப்படும் கத்தியை உயிர்காப்புக் கத்தி என்பர்.

இக்கத்தி செய்யவேண்டிய வேலைகள் பல. மரக்கிளையில் சிக்கிய குடையின் கயிறுகளை அறுத்தல் வேண்டும். குடில் அமைக்கக் கொம்புகளை வெட்டுதல் வேண்டும். மழையில் நனைந்த விறகைப் பிளந்து, உள்ளே உலர்ந்திருக்கும் பகுதியைச் சுருள் சுருளாகச் சீவுதல் வேண்டும். தீக்கோலின்மேல் தன் முதுகை உரசிப் பொறி எழுப்புதல் வேண்டும். தகர டப்பாவைத் திறத்தல், கிழங்கு அகழ்தல், மீனைத் துண்டாக்குதல், அடிபட்ட கையைக் கட்டத் துணியைக் கிழித்தல் ஆகிய அனைத்தும் அதன் கடமைகளே. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கருவி வைத்திருக்கும் தச்சர், இத்தனை வேலைகளையும் ஒரே அலகின்மேல் சுமத்தலாமா என்று வியப்பர். அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை முன்னரே அறிந்துகொள்வதற்குத்தான் தேர்வு தேவைப்படுகிறது.

கத்தியின் கூர்மை ஒருவன் உயிரோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையது என்பதை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி விளக்கும். 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ஆரன் ரால்ஸ்டன் என்னும் இளைஞர் யூட்டா மாநிலத்திலுள்ள புளூஜான் என்னும் குறுகிய மலைப்பிளவில் தனியே இறங்கிச் சென்றார். அவர் கைபட்டுப் பெயர்ந்த பாறை ஒன்று உருண்டு, அவருடைய வலக்கையை மலைச்சுவரோடு நசுக்கிப் பற்றிக்கொண்டது. அப்பாறையின் எடை ஏறத்தாழ 800 பவுண்டு. தாம் செல்லும் இடத்தை அவர் எவரிடமும் சொல்லிச் செல்லவில்லை. ஆதலின் தேடி வருவாரும் இல்லை. அவரிடம் இருந்தது மலிவான மடக்குக் கருவி ஒன்று. அதிலிருந்த சிறு கத்தியால் முதலில் அவர் பாறையைச் செதுக்கிப் பார்த்தார். பாறை தேயவில்லை, கத்தியே மழுங்கியது. குடிநீர் தீர்ந்தது, உணவும் தீர்ந்தது. ஐந்து நாள்களுக்குப் பின், அந்த மழுங்கிய கத்தியைக் கொண்டே நசுங்கிய கையை அறுத்தெடுத்து அவர் உயிர் தப்பினார். பாறைக்கிடையில் அவர் கழித்த நேரம் 127 மணி.

அவருடைய மனத்திண்மையை உலகம் வியந்து போற்றியது. ஆயினும் இந்நிகழ்ச்சியில் கத்தியைப் பற்றிய பாடமும் ஒன்று உண்டு. கத்தி எது செய்யும், எது செய்யாது என்பது இடுக்கண் வந்த பின்னர் அறியத்தக்கது அன்று. அதற்கு முன்னரே அறியத்தக்கது. இடுக்கணில் கற்கும் பாடத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

கத்தியின் தேர்வை அறிய விரும்புவோர் முதலில் கத்தியின் குணங்களை அறிதல் வேண்டும். நல்ல அலகுக்கு வேண்டிய குணங்கள் மூன்று. முதலாவது கடினம், அதாவது, வாய் மழுங்காமல் நெடுநேரம் கூர்மையோடு நிற்றல். இரண்டாவது வன்மை, அதாவது, அடித்தாலும் வளைத்தாலும் ஒடியாமல் தாங்குதல். மூன்றாவது துருவை எதிர்த்து நிற்றல். இம்மூன்றும் ஒருங்கே நிறைந்துவிட்டால் தேர்வுக்கே இடமில்லை. ஆனால் இவை ஒன்றோடொன்று எளிதில் இணங்குவன அல்ல. கண்ணாடி மிகக் கடினமானது. அதனால் தோலையும் அறுக்கலாம். எனினும் கீழே விழுந்தால் நொறுங்கிவிடும். ஈயம் எவ்வளவு வளைத்தாலும் ஒடியாது. ஆனால் அதில் கூர்மை நில்லாது. கண்ணாடிக்கும் ஈயத்துக்கும் இடையே எஃகை எந்த நிலையில் நிறுத்துவது என்பதே கத்தி செய்வோன் தீர்க்கவேண்டிய வினா.

அந்நிலையில் நிறுத்துவது உலைக்களத்தின் வேலை. கரி கலந்த எஃகினாலான அலகைச் செந்நிறம் கொள்ளக் காய்ச்சுவர். ஏறத்தாழ 770 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் இரும்பு, காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். அதனைக் காந்தம் கொண்டு சோதித்து அறிந்து, இன்னும் சிறிது காய்ச்சிய பின், எண்ணெயிலோ நீரிலோ அலகைச் சட்டென்று அமிழ்த்துவர். இவ்வாறு அமிழ்த்துதலைத் தோய்ச்சல் என்பர். தோய்ச்சல் பெற்ற அலகு மிகக் கடினமாகும். கண்ணாடியைப் போல் எளிதில் ஒடியவும் கூடும். ஆதலின் அதனை மீண்டும் ஏறத்தாழ 200 பாகை அளவில் மெல்லக் காய்ச்சி, கடினத்தைச் சிறிது குறைத்து வன்மையைக் கூட்டுவர். இதில் சிறு பிழை நேர்ந்தாலும் கத்தி கெடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு. நல்ல கத்தியும் கெட்ட கத்தியும் ஒரே பளபளப்போடு ஒரே உறையில் கிடக்கும்.

நேபாள நாட்டுக் கொல்லர் குக்ரி என்னும் வளைந்த கத்தியைச் செய்யும் முறை இங்கு எண்ணத்தக்கது. கூர்க்கா வீரர்களின் அடையாளமாக விளங்குவது இக்கத்தியே. அலகு முழுவதையும் நீரில் அமிழ்த்தாமல், காய்ச்சிய அலகின் வாய்ப்பகுதியில் மட்டும் கெண்டியிலிருந்து நீரை ஒழுக விடுவர். அதனால் வாய் கடினமாகும். முதுகு மென்மையோடு நின்று அடியைத் தாங்கும். ஒரே அலகில் இருவேறு குணங்களை அமைக்கும் இம்முறை, பல தலைமுறைகளாக வெட்டிப் பார்த்தும் ஒடித்துப் பார்த்தும் பெற்ற அறிவின் பயன் ஆகும்.

மூன்றாவது குணமாகிய துரு எதிர்ப்பும் சோதனையின் வழியே கிடைத்ததுதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்போனது. அந்நகரில் ஹாரி பிரியர்லி என்னும் உலோக அறிஞர் துப்பாக்கிக் குழாய்கள் விரைவில் தேய்வதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1913ஆம் ஆண்டு, நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்து அவர் வார்த்த எஃகை அமிலங்கள் எளிதில் அரிக்கவில்லை. இது கத்திக்கு உதவும் என்று அவர் உணர்ந்தார். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்னும் கத்தித் தொழில் வல்லுநர் அதனை நம்பாமல் புளிக்காடியில் இட்டுப் பார்த்தார், கறை படியவில்லை. ‘கறைபடா எஃகு’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர் அவரால் வழங்கலாயிற்று. தமிழ்நாட்டு வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திரங்கள் இந்த எஃகின் இனத்தைச் சேர்ந்தவையே.

எனினும் அந்த எஃகில் செய்த கத்திகள் முதலில் வெற்றி பெறவில்லை. பழைய எஃகுக்கு உரிய முறையில் அதனைக் காய்ச்சித் தோய்த்தமையால் கத்திகள் பயன்படவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைப் பலர் எள்ளினர். அவர் மனந்தளராது, புதிய எஃகுக்கு உரிய வெப்ப நிலையைக் கண்டறிய உதவினார். அதன் பின்னரே அக்கத்தி உலகெங்கும் பரவியது. துருவை வென்ற எஃகு கூர்மையையும் தனியே நிலைநாட்ட வேண்டியிருந்தது. ஒரு தேர்வில் வென்றது மற்றொரு தேர்விலும் தானே வெல்லும் என்று கொள்ளுதல் ஆகாது.

இக்காலத்தில் கத்தியின் தேர்வு இரண்டு இடங்களில் நடைபெறுகிறது. ஒன்று ஆய்வுக்கூடம், மற்றொன்று காடும் மலையும் ஆகிய வெளியிடம்.

ஆய்வுக்கூடத்தில் கடினத்தை அளக்க ராக்வெல் முறை கையாளப்படுகிறது. அமெரிக்க நாட்டில் ராக்வெல் என்னும் குடும்பப் பெயர் கொண்ட இருவர் அமைத்த பொறிக்கு 1919ஆம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. கூம்பாகத் தீட்டிய வைரத்தின் முனையை எஃகின்மேல் வைத்து, முதலில் 10 கிலோகிராம் பாரத்தாலும், பின்னர் மொத்தம் 150 கிலோகிராம் பாரத்தாலும் அழுத்துவர். பெரும்பாரத்தால் வைரம் எவ்வளவு ஆழம் கூடுதலாகப் பதிந்தது என்பதை அளந்து கடினத்துக்கு எண் கொடுப்பர். பதிவு குறையக் குறைய எண் உயரும். நல்ல கத்திகள் பெரும்பாலும் இவ்வளவையில் 55 முதல் 62 வரை நிற்கும். உயிர்காப்புக் கத்தி மிக உயர்ந்த எண்ணை நாடுவதில்லை. ஒடியாமை அதற்குக் கூர்மையினும் சிறந்தது.

வன்மையை அளக்கும் முறையைச் சார்ப்பி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1901ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தினார். ஊஞ்சலைப் போன்ற கனத்த சம்மட்டி ஒன்றை உயரத்திலிருந்து விடுவர். அது கீழே வந்து, வெட்டுக்குறி இட்ட எஃகுத் துண்டை முறித்துக்கொண்டு மறுபுறம் எழும். துண்டு எளிதில் முறிந்தால் சம்மட்டி உயர எழும். துண்டு வலிமையோடு எதிர்த்தால் அதன் ஆற்றல் செலவழிந்து சிறிதே எழும். கடுங்குளிரில் பலவகை எஃகு எளிதில் முறியும் தன்மை பெறும். ஆதலின் பனிநாட்டுக்கு உரிய எஃகைக் குளிர்வித்தும் இவ்வாறு சோதிப்பர்.

துரு எதிர்ப்பை அறிய, நூற்றுக்கு 5 பங்கு உப்புக் கரைத்த நீரை நுண்ணிய மூடுபனியாக்கி, 35 பாகை வெப்பமுள்ள பெட்டிக்குள் கத்தியின்மேல் படியவிடுவர். கூர்மையையும் அதன் நிலைப்பையும் அளக்க மற்றொரு பொறி உண்டு. அதில் கத்தியை வாய் மேல்நோக்க நிறுத்தி, நுண்மணல் கலந்து செய்த காகித அட்டைகளை அதன்மேல் ஒரே அளவான பாரத்தோடு வைத்து முன்னும் பின்னும் இழுப்பர். ஒவ்வோர் இழுப்பிலும் எத்துணை ஆழம் அறுந்தது என்று கணக்கிடுவர். தொடக்கத்தில் அறுந்த ஆழம் கூர்மையைக் காட்டும். பல இழுப்புகளின் கூட்டுத்தொகை அக்கூர்மை எவ்வளவு காலம் நிற்கும் என்பதைக் காட்டும்.

இத்துணைப் பொறிகள் இருக்கும்போது காட்டுக்குச் சென்று சோதித்தல் எதற்கு என்று வினவலாம். இதற்கு 1942ஆம் ஆண்டு நிகழ்ச்சி விடை கூறும். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க நாட்டின் மரீன் படை பசிபிக் மாகடல் தீவுகளில் போரிட்டது. அப்படையின் ஒரு சிறப்புப் பிரிவினர்க்கு மெல்லிய குத்துவாள் ஒன்று வழங்கப்பெற்றது. பகைவனைக் குத்துதற்கு அது ஏற்றதாக அமைந்திருந்தது. ஆனால் தீவுகளின் காட்டில் வீரனுக்கு நாள்தோறும் வேண்டிய வேலை வேறு. அவன் டப்பாவைத் திறந்தான், பெட்டியை நெம்பினான், புதரை வெட்டினான். மெல்லிய முனை ஒடிந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடியும் நாளடைவில் சிதைந்தது.

அக்குறைகள் தெரிந்த பின், அவ்வாண்டு நவம்பரில் அப்படை வேறு கத்தியை ஏற்றுக்கொண்டது. அதன் அலகு 7 அங்குல நீளம், அகன்றது, தடித்த முதுகுடையது. தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிய கைப்பிடி, வியர்வை பட்ட கையிலும் வழுக்காமல் நின்றது. போருக்கும் வேலைக்கும் ஒருங்கே உதவிய அக்கத்தி நீண்ட புகழ் பெற்றது. முன்னைய குத்துவாள் கெட்ட கத்தி என்று கூறுதல் பொருந்தாது. அதற்குக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று. களம் கேட்ட கேள்வி மற்றொன்று. அமைதிக் காலத்தில் ஒரு காட்டில் சில நாள் வைத்திருந்தால் அக்கேள்வி முன்னரே தெரிந்திருக்கும். தேர்வு நடத்தும் பொறுப்பு அந்த வீரர்கள் தலையில் போர்க்களத்திலேயே விழுந்தது.

ஆதலின் வெளியிடத் தேர்வு இன்றியமையாதது ஆயிற்று. அதனை நடத்துவோர் ஒரே மாதிரியான பல கத்திகளை எடுத்துக்கொள்வர். ஒன்றை மட்டும் சோதித்தால் அது தற்செயலாக நன்றாகவோ தீதாகவோ அமைந்திருக்கலாம் அன்றோ? ஒப்பிடும் கத்திகள் அனைத்தையும் ஒரே கோணத்தில் சாணை பிடிப்பர். இன்றேல் எஃகின் சிறப்பையும் சாணையின் சிறப்பையும் பிரித்தறிய இயலாது. அளவும் வகையும் ஒத்த கயிற்றை எத்தனை முறை அறுத்தபின் வாய் மழுங்குகிறது என்று எண்ணுவர். விறகின் தலையில் அலகை வைத்து, அதன் முதுகில் கட்டையால் ஓங்கி அடித்துப் பிளப்பர். முனையை மரத்தில் குத்திப் பக்கவாட்டில் நெம்புவர். அலகு கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் புகுந்துள்ளது என்பதன் அருமை அப்போது விளங்கும். அலகின் எஃகு கைப்பிடியின் கடைசிவரை அகலம் குறையாமல் சென்றிருந்தால் கத்தி தாங்கும். மெலிந்த கம்பியாகப் பாதியில் நின்றிருந்தால் அங்கே முறியும்.

கைப்பிடியின் குறையைக் கண்டறிய எந்தப் பொறியாலும் முழுதும் இயலாது. அதற்கு மனிதனின் உள்ளங்கையே பொறி. கடையில் எடுத்துப் பிடித்தபோது அழகாக அமைந்த கைப்பிடி, ஒரு மணி நேரம் விறகு வெட்டிய பின் கொப்புளம் எழுப்பும். உலர்ந்த கையில் நின்றது, மீன் நெய் பட்ட கையில் வழுக்கும். உலோகக் கைப்பிடி கடும்பனியில் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கனத்த கையுறை அணிந்தவன் கைக்குச் சிறு கைப்பிடி அடங்காது. ஆதலின் பெரிய கையினர், சிறிய கையினர், வலக்கையர், இடக்கையர் எனப் பலரிடமும் கொடுத்துப் பார்ப்பர். உறையும் இத்தேர்வுக்குத் தப்பாது. ஓடினாலும் உருண்டாலும் கத்தி உறையினின்று நழுவுதல் கூடாது. அடிபட்டவன் ஒரு கையால் இழுத்தாலும் எளிதில் வெளிவருதல் வேண்டும்.

தேர்வு செய்வோர் கத்தியின் நோக்கத்தை மறத்தலும் ஆகாது. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை விமானிகளுக்கென ஒரு கத்தி உருவாயிற்று. முதலில் 6 அங்குலமாக இருந்த அதன் அலகு பின்னர் 5 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. குறுகிய இருக்கையில் அமர்ந்திருக்கும் விமானிக்குச் சிறிய கத்தியே வாய்ப்பானது. அதன் முதுகில் அரம்பப் பற்கள் உண்டு. மரத்தை அறுத்துப் பார்த்த சிலர், அப்பற்கள் பயனற்றவை என்று குறை கூறினர். அவை மரத்துக்காக அமைந்தவை அல்ல. விமானத்தின் மெல்லிய உலோகச் சுவரைக் கிழித்து வெளியேறுதற்கு அமைந்தவை. கைப்பிடியின் அடியிலுள்ள எஃகுக் குமிழ் சுத்தியாக உதவும். உறையின் சிறு பையில் சாணைக்கல்லும் உடன் இருக்கும். ஸ்வீடன் நாட்டு விமானப்படை 1995ஆம் ஆண்டு முதல் தன் விமானிகளுக்கு ஏற்றுக்கொண்ட கத்தியின் அலகோ 97 மில்லிமீட்டர் நீளமே உடையது. ஆனால் தடிப்பு 4.5 மில்லிமீட்டர், அலகின் எஃகு கைப்பிடியின் இறுதியையும் கடந்து நிற்கும். நீளத்தை விடுத்து உறுதியைத் தேர்ந்துகொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

இத்தேர்வுகள் எல்லாவற்றிலும் கடுமையானது, கத்தியை அழித்தே பார்க்கும் தேர்வு. அமெரிக்கக் கத்திக் கொல்லர் கழகம் 1976ஆம் ஆண்டு தோன்றியது. அக்கழகத்தின் தகுதிப் பட்டம் பெற விரும்பும் கொல்லர், தம் கையால் அடித்த ஒரு கத்தியைக் கொணர்தல் வேண்டும். முதலில், தொங்கும் ஓர் அங்குலப் பருமனுள்ள கயிற்றை ஒரே வீச்சில் துண்டித்தல் வேண்டும். அடுத்து, 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் என வழங்கும் மரச்சட்டத்தை இருமுறை வெட்டி முறித்தல் வேண்டும். இவ்வளவு வெட்டிய பின்னரும், இடையே சாணை பிடிக்காமல், அதே கத்தியால் கையிலுள்ள மயிரை மழித்துக் காட்டுதல் வேண்டும். இறுதியில் கத்தியின் முனைப்பகுதியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, அலகை 90 பாகை அளவுக்கு வளைப்பர். வாயில் ஓரளவு விரிசல் காணலாம். அலகு இரண்டாக முறிதல் கூடாது. வாய் கடினமாகவும் முதுகு வன்மையோடும் அமைந்த கத்தியே இதில் நிற்கும். அக்கத்தி பின்னர் எதற்கும் பயன்படாது. ஆயினும் அது வீணாயிற்று என்று எவரும் வருந்துவதில்லை. கொல்லரின் கை நம்பத்தக்கது என்று சான்று பகர்ந்தே அது அழிந்தது.

கத்தியைச் சோதிப்போர்க்கு இருக்கவேண்டிய முதற்குணம் நடுவுநிலைமை. தாம் செய்த கத்தியைத் தாமே சோதிப்பவர்க்குக் குறை கண்ணில் படுதல் அரிது. படினும் சொல்ல நா எழாது. விற்பவன் கத்தி வெல்வதைப் பார்க்க விரும்புவான். சோதிப்பவனோ, அது எங்கே தோற்கும் என்பதைத் தேடிச் செல்லுதல் வேண்டும். அவன் தன் ஏட்டில் ‘முனை ஒடிந்தது’ என்று எழுதும் இரண்டு சொற்கள், எங்கோ ஒரு பனிவெளியில் முகமறியாத ஒருவன் தீ மூட்டிப் பிழைத்திருக்கக் காரணம் ஆகலாம். அவ்வாறு பிழைத்தவன் சோதித்தவனை அறியான். நன்றி கூறவும் வாரான்.

இச்சோதனைகள் பயிற்சி பெற்றோர், கண்ணுக்கும் கைக்கும் காப்பு அணிந்து செய்வன. மாணவர் இவற்றை விளையாட்டாகச் செய்து பார்த்தல் தீங்கு தரும். தேர்ந்த கத்தியும் பழகாத கைக்குப் பகையே. சாணை பிடிக்கவும், உடலுக்கு அப்புறமாகச் சீவவும், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவி உறையில் இடவும் கற்றவன் கையில்தான் கத்தி துணையாகும். ஆதலின் களத்துக்குச் செல்வோர், கத்தி தேர்வில் வென்றதென்று கேட்டதோடு அமையாமல், தாமும் அதனோடு பழகித் தம் கையையும் தேர்வுக்கு உட்படுத்துவர்.

இடுக்கண் முன்னறிவித்து வருவதில்லை. அது வந்து கேட்கும் கேள்விகளுக்கு அப்போது விடை தேட நேரமும் இராது. அக்கேள்விகளை உலைக்களத்திலும் ஆய்வுக்கூடத்திலும் காட்டிலும் முன்கூட்டியே கேட்டு, தவறான விடைகளை அங்கேயே ஒடித்து எறிவதுதான் தேர்வின் பயன். பட்டறையில் ஒடிந்த கத்தியால் கெட்டது சிறிதளவு எஃகு மட்டுமே. காட்டில் ஒடியும் கத்தியோடு ஓர் உயிரும் போகலாம்.